முதலில் சின்னதாக வெளியிடுங்கள், பிறகு வளர்க்கலாம்

ஒரு செயலியோ இணையதளமோ சின்ன வியாபாரமோ தொடங்க நினைக்கிற பலரிடம் "எப்போ வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு, முடிச்சிட்டு வெளியிடுறேன்" என்றுதான் பதில் வரும். அந்தக் கொஞ்ச வேலை ஆறு மாதம் ஓடும், ஒரு வருஷம் ஓடும், நடுவில் ஆர்வம் வடியும், கையில் இருந்த பணம் கரையும், கடைசியில் யாருமே பார்க்காத ஒரு பொருள் கணினிக்குள்ளேயே கிடந்துவிடும்.

இதற்கு மாற்றாக மென்பொருள் உலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பொருளின் மிகச் சின்ன, ஆனால் உண்மையாகவே உபயோகப்படுகிற ஒரு வடிவத்தைச் சீக்கிரமே வெளியே விட்டுவிடுவார்கள். ஆட்கள் அதை என்ன செய்கிறார்கள், எந்த இடத்தில் முழிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பார்த்ததை வைத்துத் திருத்தி மறுபடி வெளியிடுவார்கள். இது முடிவில்லாமல் நடக்கும். அந்த முதல் வடிவத்துக்கு ஸ்டார்ட்அப் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் எம்.வி.பி. (Minimum Viable Product), அதாவது உபயோகிக்கத் தக்க மிகச் சின்னப் பொருள். இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் எரிக் ரீஸ் என்ற அமெரிக்கத் தொழில்முனைவோர். ஆனால் பெயர் பரவுவதற்கு வெகு முன்பிருந்தே பலர் இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள விக்கிப்பீடியாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. மற்ற கதைகளில் எல்லாம் "இவர்கள் சீக்கிரம் வெளியிட்டார்கள், ஜெயித்தார்கள்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? விக்கிப்பீடியா விஷயத்தில் அது தெரியும். அதே ஆட்கள், அதே பணத்தில், அதே நோக்கத்துக்காக இரண்டு வழியிலும் செய்து பார்த்துவிட்டார்கள்.

2000 மார்ச்சில், அமெரிக்கத் தொழில்முனைவோரான ஜிம்மி வேல்ஸின் போமிஸ் நிறுவனம் நுபீடியா என்ற இலவச இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியது. தத்துவம் படித்த லாரி சாங்கர் அதற்குத் தலைமை ஆசிரியர். தரத்தில் சமரசமே கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். ஒரு கட்டுரை வெளியாக வேண்டும் என்றால் ஏழு கட்டங்களைத் தாண்ட வேண்டும்: முதலில் தலைப்பைத் தகுதியான ஒருவருக்கு ஒதுக்க வேண்டும், அப்புறம் அந்தத் துறையில் ஒரு முதன்மை மதிப்பீட்டாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும், பிறகு பொது மதிப்பீடு, மொழித் திருத்தம், அதையும் பொதுவில் வைத்து மறுபடி ஒரு திருத்தம், எல்லாம் முடிந்தபின் இறுதி ஒப்புதல். ஒவ்வொரு கட்டமும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். எதை வேண்டாம் என்று சொல்வீர்கள்? ஆனால் முதல் ஆண்டு முழுக்க வெளிவந்த கட்டுரைகள் 21தான்.

வேல்ஸே ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தார். பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மெர்ட்டனைப் பற்றி. நிதித்துறை அவர் மேற்படிப்பில் படித்த துறை, அதனால் விஷயம் தெரியாமல் இல்லை. ஆனாலும் தன் வரைவு பெரிய பெரிய பேராசிரியர்களின் மேசைக்குத் திருத்தப் போகும் என்ற நினைப்பே கையைக் கட்டிப் போட்டது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். தளத்தைத் தொடங்கியவருக்கே இந்த நிலை என்றால் வெளியிலிருந்து வரும் ஒருவர் எப்படித் துணிந்து எழுதுவார்?

2001 ஜனவரியில் இன்னொரு வழி கண்ணில் பட்டது. வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் 1995இல் 'விக்கி' என்ற ஒன்றை உருவாக்கியிருந்தார், யார் வேண்டுமானாலும் பக்கத்தைத் திறந்து உடனே திருத்தலாம், சேமித்த கணமே அது வெளியே தெரியும். இதை நுபீடியாவுக்கு ஒரு துணைக் கருவியாக, வரைவு எழுதும் இடமாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார்கள். நுபீடியாவின் மதிப்பீட்டாளர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை, இப்படிப்பட்ட ஒன்றோடு தங்கள் தளம் சேர்ந்திருக்கக் கூடாது என்றார்கள். சரி, தனி முகவரியில் வைப்போம் என்று ஜனவரி 15ஆம் தேதி விக்கிப்பீடியா என்ற பெயரில் வெளியிட்டார்கள். முதல் மாதத்தில் சுமார் 200 கட்டுரைகள். ஓராண்டில் ஏறத்தாழ 18,000. நுபீடியா 2003இல் மூடப்பட்டது.

அந்த 18,000 கட்டுரைகளும் நன்றாக இருந்தன என்று நான் சொல்ல மாட்டேன். நிறைய பக்கங்களில் இரண்டு வரிகூட இருக்காது, பிழைகள் இருந்தன, முக்கியமான தலைப்புகள் காணாமல் இருந்தன. நுபீடியாவின் ஒரு கட்டுரையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தால் நுபீடியா எளிதாக ஜெயித்திருக்கும். ஆனால் நுபீடியாவின் கட்டுரை வெளிவந்த நாளன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. விக்கிப்பீடியாவின் இரண்டு வரி அடுத்த வாரம் நான்கு வரி ஆனது, யாரோ தேதியைத் திருத்தினார், இன்னொருவர் படம் சேர்த்தார், மூன்றாமவர் வந்து "இது தப்பு" என்று சண்டை போட்டார். முதல் நாளின் தரத்தைவிட, ஒரு பொருள் எவ்வளவு வேகமாக மேம்படுகிறது என்பதுதான் அதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

இதை நம்ம மொழியிலேயே பார்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது, இன்று ஒன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டது. அங்கே ஏதாவது ஒரு நல்ல, நீளமான கட்டுரையைத் திறந்து, மேலே இருக்கும் 'வரலாறு' பகுதிக்குப் போய், பட்டியலின் கடைசிக்கு, அதாவது மிகப் பழைய பதிப்புக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பத்திதான் இருக்கும். ஒரு ஊரைப் பற்றி என்றால் அது எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதோடு முடிந்திருக்கும். அடியில் இது ஒரு குறுங்கட்டுரை, நீங்கள் விரிவாக்கலாம் என்ற குறிப்பு. அங்கிருந்து ஒவ்வொரு பதிப்பாக மேலே வாருங்கள்: ஒருவர் மக்கள்தொகையைச் சேர்க்கிறார், இன்னொருவர் சந்திப்பிழையைத் திருத்துகிறார், யாரோ ஒருவர் ஒரு வாக்கியத்தின் முடிவில் 'சான்று தேவை' என்று போட்டுவிட்டுப் போகிறார், சில மாதம் கழித்து வேறொருவர் சான்றைக் கொண்டுவந்து வைக்கிறார். கட்டுரையைத் தொடங்கியவருக்கு இது எதுவும் அன்று தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, ஏனென்றால் அந்தத் தகவல்கள் எல்லாம் மற்றவர்கள் தலைக்குள் இருந்தன, அந்த ஒரு பத்தி வெளியே வந்ததால்தான் அவர்களும் வந்தார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். சீக்கிரம் வெளியிடச் சொல்வது நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள். நேரம் மிச்சமாகும், ஆனால் அது இரண்டாம் பட்சம். உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரியாத விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை அறைக்குள் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது, உபயோகிக்கிற மனிதர் முன்னால் வைத்தால்தான் தெரியும். முதல் வடிவத்தின் வேலையே அவற்றைத் தெரிந்துகொள்வதுதான்.

ஒரு சாதாரண நிலைமையை எடுத்துக்கொள்வோம். உங்கள் தெருவில் வீட்டுச் சாப்பாடு செய்து, பக்கத்து அலுவலகங்களுக்கு மதியம் கேரியரில் அனுப்புகிற ஒரு அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு செயலி செய்து தரலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும், ஓடிபி போட்டு உள்ளே வருவது, சாப்பாடு எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுவது, நட்சத்திர மதிப்பீடு, கூப்பன், தமிழ் ஆங்கிலம் இரண்டிலும் திரை. இதையெல்லாம் செய்ய ஒரு வருஷம் ஆகும்.

அதற்குப் பதிலாக இந்த வாரமே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கலாம். தினமும் காலையில் என்ன சமையல் என்று அக்கா ஒரு வரி போடுவார், வேண்டும் என்பவர்கள் பதில் போடுவார்கள், மாதப் பணம் ஜிபேயில் வரும், கணக்கு ஒரு நோட்டில். செயலி என்று எதுவுமே இல்லை, ஆனால் சேவை முழுசாக நடக்கிறது: சாப்பாடு சூடாக, நேரத்துக்கு, சொன்ன இடத்துக்குப் போகிறது. கொஞ்ச நாள் அந்தக் குழுவைக் கவனித்தால் போதும். இரவு ஒன்பது மணிக்கு "அக்கா, நாளைக்கு எனக்கு வேணாம், ஊருக்குப் போறேன்" என்று ஒரு செய்தி வரும். அடுத்த நாள் இன்னொருவர். காலை பத்து மணிக்கு, அரிசி உலையில் போட்டபின் சொல்பவரும் உண்டு. மாதக் கடைசியில் "நான் நாலு நாள் சாப்பிடலையே, அந்தக் காசு?" என்று கேட்பார்கள், அக்கா நோட்டைப் புரட்டிப் புரட்டிக் கணக்குப் பார்ப்பார், ஒரு மனஸ்தாபம் வரும். வரைபடம் வேண்டும் என்றோ கூப்பன் வேண்டும் என்றோ ஒருவரும் கேட்டிருக்க மாட்டார். ஆக நீங்கள் எழுத வேண்டிய செயலியின் உயிர் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது: 'நாளை வேண்டாம்' என்று ஒரு பொத்தான், அதை அழுத்த ஒரு கடைசி நேரம், விடுபட்ட நாளின் பணம் தானாக அடுத்த மாதத்துக்குப் போகும் ஒரு கணக்கு. உங்கள் முதல் பட்டியலில் இந்த மூன்றில் ஒன்றுகூட இருந்திருக்காது.

கவனியுங்கள், இந்தக் கதையில் சாப்பாட்டின் தரத்தில் யாரும் கைவைக்கவில்லை. உப்பில்லாத சாம்பாரை அனுப்பிவிட்டு "இது முதல் வடிவம்தான்" என்று சொன்னால் அடுத்த நாள் குழுவில் யாரும் இருக்க மாட்டார்கள். எதைச் செய்கிறோமோ அதன் எல்லையைச் சுருக்கலாம், அந்த எல்லைக்குள் இருப்பது ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். பத்து வசதிகள் பாதி பாதியாக இருப்பதைவிட, ஒரே ஒரு வசதி தொடக்கத்திலிருந்து முடிவுவரை நம்பகமாக ஓடுவது எவ்வளவோ மேல்.

ஜிமெயில் இப்படித்தான் பிறந்தது. கூகுளில் பால் புக்கைட் என்ற பொறியாளர் அதன் முதல் வடிவத்தை ஒரே நாளில் எழுதினார். அது செய்த வேலை, அவருடைய சொந்த அஞ்சல்களுக்குள் தேடித் தருவது, அவ்வளவுதான். கூட வேலை செய்தவர்களிடம் காட்டினார். நல்லா இருக்கு, ஆனா எங்க அஞ்சலையும் தேடினால் இன்னும் நல்லா இருக்குமே என்றார்கள். அதைச் செய்தார். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 2004 ஏப்ரல் 1இல் வெளியுலகத்துக்கு வந்தபோதும் அழைப்பு இருப்பவர்களுக்கு மட்டும்தான் திறந்தார்கள். ஒரு ஜிபி இடம், வேகமான தேடல் என்ற இரண்டும் அன்று வேறெங்கும் கிடைக்காதவை, அதனால் மற்ற குறைகளை ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள். அழைப்பு முறையிலும் ஒரு பாடம் இருக்கிறது. குறையுள்ள பொருளை முதலில் கொஞ்சம் பேரிடம் கொடுத்தால், கோளாறு வந்தாலும் கொஞ்சம் பேருக்குத்தான் வரும், அவர்களிடம் நீங்கள் தனித்தனியாகப் பேசவும் முடியும்.

இன்னொன்று, சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். மார்க்குஸ் பெர்சன் மைன்கிராஃப்ட் விளையாட்டை 2009 மே மாதம் முடிக்காத நிலையிலேயே வெளியிட்டார். சீக்கிரமே விற்கவும் தொடங்கினார், ஆனால் இது பாதியில்தான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, முழு விலையைவிடக் குறைவாக. முழுப் பதிப்பு 2011 நவம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் வாங்கியவர்கள் அதில் விளையாடிக்கொண்டு, குறை சொல்லிக்கொண்டு, நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டு இதற்கு நேர்மாறு. 2020 டிசம்பர் 10இல் முழு விலையில், முடிந்த பொருளாக வந்தது. ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற பழைய விளையாட்டுக் கருவிகளில் அது திணறியது. அந்தக் கருவிகளில் விளையாட்டு எப்படி ஓடும் என்று முன்கூட்டியே காட்டாததற்கு அதை உருவாக்கிய நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, ஒரே வாரத்தில் ப்ளேஸ்டேஷனைச் செய்யும் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. பின்னாளில் பல மாதங்கள் உழைத்து அதைச் சீர்படுத்தினார்கள், அது பாராட்டுக்குரியதுதான். இருந்தாலும் இரண்டு விளையாட்டுகளும் குறையோடுதான் வெளிவந்தன, ஒன்றில் மட்டும் ஆட்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இப்போது நான் மிகவும் முக்கியமாகக் கருதும் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பொருளில் இருக்கும் குறையின் விலையை யார் கொடுப்பார்கள்?

விக்கிப்பீடியாவிலேயே இதற்குக் கசப்பான உதாரணம் இருக்கிறது. 2005 மே மாதம் ஜான் சீகெந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி யாரோ ஒருவர் ஒரு போலிக் கட்டுரை எழுதினார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் கென்னடி இருவரின் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு காலத்தில் சந்தேகிக்கப்பட்டதாக அதில் இருந்தது. முழுப் பொய். அவர் ராபர்ட் கென்னடியோடு வேலை பார்த்தவர், நண்பர். இந்தப் பொய் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே இருந்தது. ஒரு ஊரின் மக்கள்தொகை தப்பாக இருந்தால் அடுத்தவர் வந்து திருத்தும்வரை பெரிய நஷ்டம் இல்லை. ஒரு மனிதரின் பெயர் கெட்டால் அப்படி இல்லை. இன்னும் முக்கியமாக, சீகெந்தாலர் விக்கிப்பீடியாவின் சோதனையில் சேர்ந்துகொள்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் அந்த ஆண்டு டிசம்பரில் ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு இல்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்குவதை நிறுத்தினார்கள், உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கட்டுரைகளுக்குக் கடுமையான விதிகள் வந்தன. ஒரே தளத்துக்குள் ஊர்களுக்கு ஒரு அளவு தளர்வும் மனிதர்களுக்கு வேறு அளவு கண்டிப்பும் வைத்தார்கள், அது சரியான முடிவு.

மருத்துவக் கருவி, பாலம், விமானம், அடுத்தவர் பணத்தையும் ரகசியத்தையும் வைத்திருக்கும் மென்பொருள் ஆகியவற்றில் "வெளியிட்டுவிட்டுத் திருத்திக்கொள்ளலாம்" என்பதற்கு இடமே இல்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் நோயாளிகளுக்கு அளவுக்கு மிக மிக அதிகமான கதிர்வீச்சைப் பாய்ச்சியது, சிலர் இறந்தார்கள். அதன் மென்பொருளில் இருந்த பிழைகள் முக்கியக் காரணம். பழைய இயந்திரங்களில் இருந்த வன்பொருள் பாதுகாப்புப் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பியிருந்தார்கள். ஆகவே வெளியிடும் முன் ஒவ்வொரு பகுதியையும் பார்த்து, இது தப்பானால் நாளைக் காலை சரிசெய்துவிட முடியுமா, அதற்குள் யாருக்காவது மீட்க முடியாத சேதம் ஆகுமா என்று கேளுங்கள். அக்காவின் செயலியில் திரையின் நிறம் நன்றாக இல்லையென்றால் நாளைக்கு மாற்றலாம். பணக் கணக்கு தப்பினால் நம்பிக்கை போய்விடும், அதனால் அந்தப் பகுதியை மட்டும் எவ்வளவு நேரம் ஆனாலும் சோதித்துவிட்டு வெளியிட வேண்டும்.

சரி, வெளியிட்டாயிற்று. இனிமேல்தான் வேலை அதிகம், பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். முதல் வடிவத்தை வெளியிட்டுவிட்டு ஆறு மாதம் தொடாமல் இருந்தால் அது மேம்படும் பொருள் ஆகாது, வெறும் அரைகுறைப் பொருள்தான். யார் சொன்னார்கள், என்ன சொன்னார்கள், நாம் என்ன செய்தோம் என்று ஒரு நோட்டிலாவது எழுதி வையுங்கள். மாற்றங்களைச் சின்னச் சின்னதாக வெளியிடுங்கள், அப்போதுதான் ஏதாவது உடைந்தால் எதனால் உடைந்தது என்று தெரியும், பழையபடி திருப்பிவைக்கவும் முடியும். விக்கிப்பீடியாவில் பழைய பதிப்புக்குத் திரும்புவது ஒரு சொடுக்கு வேலை என்பதால்தான் யாரையும் திருத்த விடும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது.

கேட்பதை எல்லாம் செய்யவும் வேண்டாம். 1991 ஆகஸ்டில், ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தான் பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஆட்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் ஒரு இணையக் குழுவில் எழுதினார். யோசனை சொல்லுங்கள், ஆனால் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அந்த இயங்குதளத்தின் முதல் பதிப்பாக லினக்ஸ் 0.01 வந்தது, 1.0 பதிப்பு வர 1994 மார்ச் ஆனது. அந்த இரண்டரை ஆண்டும் ஆட்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், எது உள்ளே வரும் என்பதை மட்டும் அவர் முடிவு செய்தார். புகார்களைப் படிக்கும்போது ஒருவர் கேட்கும் வசதியைவிட, அவர் எதைச் செய்ய முயன்று முடியாமல் போனது என்று தேடுங்கள். "ஒரு காலண்டர் வையுங்க" என்று அக்காவின் குழுவில் ஒருவர் கேட்டால், அவருக்கு உண்மையில் வேண்டியது தான் எத்தனை நாள் சாப்பிட்டோம் என்ற கணக்காக இருக்கலாம், அதற்கு மாதக் கடைசியில் ஒரு குறுஞ்செய்தி போதும்.

அப்படியானால் எப்போது "இது முடிந்த பொருள்" என்று சொல்லலாம் என்று கேட்பார்கள். உள்ளே வேலை முடிந்துவிட்டதா என்று பார்த்தால் அந்த நாள் வரவே வராது, வெளியே இருப்பவர்களுக்கு எப்போது அது தேவைப்படுகிறது என்று பாருங்கள். ஜிமெயில் தன் பெயருக்குப் பக்கத்தில் 'பீட்டா', அதாவது சோதனைப் பதிப்பு, என்ற சொல்லை ஐந்து வருஷத்துக்கும் மேல் வைத்திருந்தது, கோடிக்கணக்கானவர்கள் தினமும் உபயோகித்தபின்னும்கூட. 2009 ஜூலையில்தான் எடுத்தார்கள். காரணம், நிறுவனங்களுக்கு அதை விற்கப் போனபோது, இன்னும் சோதனையில் இருப்பதுபோலத் தெரியும் ஒன்றின்மேல் எங்கள் தொழிலை எப்படி நடத்துவது என்று அவர்கள் தயங்கினார்கள்.